கடைசியாகப் பார்த்த நேரம்

வீட்டிலிருந்து,
பதினாறாம் தேதி, வியாழக்கிழமை,
காலை மணி 10.05

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, நடுவில் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதமே, அதனால் அதை முதல் வரியிலேயே கேட்டு முடித்துவிடப் போவதில்லை. கையில் நீ அனுப்பிய புதுப் போனை வைத்துக்கொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ "நல்லா இருக்கேம்மா" என்பாய், நான் "சரிப்பா" என்பேன், அத்தோடு முடிந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மற்றது எதுவும் உனக்குப் புரியாது. சும்மா சொல்லக்கூடாது, அழகான சாமான். ஆனால் இரண்டரை மாதமாக அது என்னைப் படுத்தும் பாடு எனக்குத்தான் தெரியும். பழைய போனில் பொத்தானை அழுத்தினால் அழுத்தினதுதான். இதில் நான் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. நேரம் பார்க்க எடுத்தால் என் மூக்குத் துவாரம் தெரிகிறது. கைப்பைக்குள் டார்ச் எரிந்துகொண்டே நாள் முழுக்க என்னோடு கடைத்தெரு சுற்றியிருக்கிறது, காய்கறிக்காரர் பார்த்துச் சிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. என் கட்டைவிரலை மட்டும் நாற்பது போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எதைத் தொட்டாலும் அனுமதிக்கவா, அனுமதிக்கவா என்று வேறு கேட்கிறது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒருத்தரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை, அதனால் முதல் நாள் சந்தோஷமாக எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திவிட்டேன். உன் அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். எழுதினாலாவது ஒழுங்காக எழுத விடுகிறதா, நான் ஒன்று எழுதினால் அதுவாக ஒன்று எழுதிக் காட்டுகிறது, என்னைவிட அவசரம் அதற்கு. கைரேகை வைத்துத் திறக்கலாம் என்றாயே, அப்பா விரல் வைத்தால் உடனே திறக்கிறது, நான் பத்துத் தடவை வைத்தாலும் அடையாளம் தெரியவில்லை என்கிறது. போன் யாருக்கடா வாங்கினாய்?

அக்காதான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "அம்மா, நீ தொடலை, முத்திரை குத்துறே" என்றாள். உண்மைதான். இருபத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக உட்கார்ந்து, வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் டிரிப் ஷீட்டில் நேரம் எழுதி 'டங்' என்று முத்திரை வைத்த கை இது. மெதுவாகத் தொடு என்றால் அதற்கு எப்படித் தெரியும்? நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதால்தான் அழி, அனுப்பு, நகலெடு என்று என்னென்னவோ பட்டியல் வந்து நிற்கிறதாம். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் கை மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கை மட்டும் இல்லை, கண்ணும்தான். உன் பெயரைத் தொட்டால் மேலே சின்ன எழுத்தில் 'கடைசியாகப் பார்த்தது' என்று ஒரு நேரம் வருகிறதே, அதை முதல் முதலில் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அத்தனை தூரத்தில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை இன்ன மணிக்கு எழுந்தான், இன்ன மணிக்குத் தூங்கப் போனான் என்று வீட்டிலிருந்தே தெரிகிறதே என்று. கை சும்மா இருந்தால்தானே. அலமாரியில் இருந்த ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தேன். இங்கே மணி மூன்று என்றால் உனக்குப் பன்னிரண்டரை, அதனால் 'நம் நேரம்', 'அவன் நேரம்' என்று இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். அப்பா பார்த்துவிட்டு, "பையனையும் பஸ்ஸாக்கிட்டியா" என்றார். கோபித்துக்கொள்ளாதே. வேவு பார்க்க எழுதவில்லை, நேரத்தைக் கண்டால் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் ஒரு மாதம் நோட்டு அழகாக இருந்தது. காலை ஏழு மணிக்கு வேலைக்கு உள்ளே போகும்போது போனை வாசலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் கையில் வரும், சாப்பாட்டு நேரத்தில்கூடத் தரமாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதேபோல் உன் நேரம் 6.50க்குக் கடைசியாகத் தெரிவாய், பிறகு 4.10, 4.15. விடுமுறை நாள் தவிர ஒரு நாள் தவறவில்லை. எங்கள் டிப்போவில்கூட அப்படி ஒரு வண்டி ஓடியதில்லை. போன மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, 9.20 என்று வந்தது. பிறகு 10.40. பிறகு 1.05. விடுப்பு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். புதன், வியாழன், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். ஷிப்ட் மாறியிருக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன், ஆனால் ஷிப்ட் மாறினால் அந்த ஒன்பது மணி நேரம் வேறு பக்கம் நகர்ந்துதானே இருக்க வேண்டும், அது எங்கும் நகரவில்லை, இல்லாமலே போய்விட்டது. உனக்குத் திங்களும் ஞாயிறும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. ஓடுகிற வண்டியின் நேரமும் ஷெட்டில் நிற்கிற வண்டியின் நேரமும் பார்த்த உடனே தெரியும் எனக்கு. அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் நீ கூப்பிட்டு, "இப்பதாம்மா வேலை முடிஞ்சு வந்தேன், காலெல்லாம் வலி" என்றாய். நானும் சுடுதண்ணீரில் கால் வை என்றேன். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் சொன்னால், நீ எதையாவது கிளப்பாதே என்பார். அக்காவிடம் கேட்கலாம் என்றுதான், ஏழாம் தேதி மத்தியானம், பேசி அனுப்புகிற அந்த மைக்கை அழுத்தி, "உன் தம்பிக்கு வேலை போயிடுச்சோன்னு பயமா இருக்குடி, மூணு வாரமா பொய் சொல்றான், நீ மெதுவா விசாரி" என்று பேசி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மேலே பார்க்கிறேன், அது அக்கா இல்லை, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற 'நம்ம குடும்பம்' குரூப். ஐயோ, எனக்குக் கை கால் ஓடவில்லை. அழுத்திப் பிடித்தேன், அழி என்று வந்தது, அழித்தேன், போய்விட்டது. என் கண்முன்னால் போய்விட்டது கண்ணா, நான் பார்த்தேன். அப்பாடா என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அரைமணியில் உன் அத்தை கூப்பிட்டாள், "என்ன அண்ணி, பையனுக்கு வேலை போயிடுச்சாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று. சித்தப்பா கும்பிடு போட்டு அனுப்பினார். அக்காவின் மாமியார் எதற்கென்று தெரியவில்லை, ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். சாயங்காலம் அக்கா வந்து சொன்னாள், "அது உன் போன்ல மட்டும்தாம்மா அழிஞ்சிருக்கு, எங்க எல்லார்கிட்டயும் அப்படியே இருக்கு, அவனும் கேட்டுட்டான்" என்று. எனக்கு மட்டும் நீக்கு, எல்லோருக்கும் நீக்கு என்று அதில் இரண்டு இருக்கிறதாம். முத்திரை குத்துகிற கைக்கு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான்.

மறுநாள் காலை உன் பெயரைத் தொட்டால் அந்த நேரம் இல்லை. பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, கீழே ஒன்றுமே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தாம்மா இருக்கு, அவர்தான் மறைச்சு வச்சிருக்காரு" என்றார். வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் நானாக இல்லை. உன்னைத் திட்டவில்லை. ஊரைக் கூட்டி உன் மானத்தை வாங்கியவள் நான்தான், வேண்டுமென்று செய்யாவிட்டாலும் செய்தது செய்ததுதான். என்னை மன்னித்துவிடு. ஆனால் ஒன்பது நாளாக ஒரு வார்த்தை பேசாமல் காலையில் ஒரு பூப்படம் மட்டும் அனுப்புகிறாயே, அதை வைத்து நான் என்ன செய்ய? ஒரு வேலை ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறேன், பால் பொங்கி வழிகிறது. குளிக்கப் போகும்போது அதைக் குளியலறை ஜன்னலில் வைக்கிறேன். மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகி நம் கூடத்துச் சுவர் ஊறிக்கிடக்கிறது, அதைப் போய்க் கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள்ளேயே நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நேற்றுக் காலை, உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "விடு, ஆம்பளைப் பிள்ளை, அவனா சொல்றப்ப சொல்லட்டும், நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்து, இருபது வருஷமாக வாயைத் திறக்காத ஒன்றைச் சொல்லிவிட்டேன். அது உனக்கும் தெரியாது. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவை மின்விசிறிக் கம்பெனியில் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. தினமும் சட்டை போட்டு, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு 8.10 வண்டியில் கிளம்பிவிடுவார். ஒரு நாள் அந்த வண்டியின் கண்டக்டர் ஷீட்டை நீட்டியபடி, "அக்கா, சார் இப்பல்லாம் நூலகம் ஸ்டாப்லயே இறங்கிடறாரே, ஆபீஸ் மாத்திட்டாங்களா" என்று கேட்டார். கம்பெனி அதற்கப்புறம் ஆறு நிறுத்தம். நான் ஆமாம் என்று சொல்லி முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஐம்பத்து மூன்று நாள். ஐம்பத்து மூன்று நாளும் எதுவும் தெரியாதவள் மாதிரி சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், சாயங்காலம் வந்ததும் வேலை ஜாஸ்தியா என்று கேட்டேன். பிறகு அவரே வேறு இடத்தில் சேர்ந்து, கம்பெனி மாறிட்டேன் என்று வந்து சொன்னார், நல்லது என்றேன். கேட்டால் மனுஷன் கூனிக் குறுகிப் போய்விடுவார் என்றுதான் கேட்கவில்லை. பெரிய தியாகம் செய்துவிட்டதாக இத்தனை வருஷமும் உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு.

நேற்று இதைச் சொன்னதும் அப்பா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றார். எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "தெரிஞ்சேவா சும்மா இருந்தே" என்று கேட்டார். "ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே. தினம் டப்பாவைத் திறக்கறப்ப இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் நினைப்பேன். வீட்டுக்கு வந்தா நீ வேலை ஜாஸ்தியான்னு கேப்பே, நான் ஆமாம்பேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அம்பத்து மூணு நாள் தனியாவே இருந்துட்டேன்" என்றார். என் மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அழுதேன், அவரும் அழுதார்.

அதனால்தான் கண்ணா, உன்னிடம் அந்தத் தப்பை மறுபடியும் செய்யமாட்டேன். நேராகவே கேட்கிறேன். உனக்கு வேலை போய்விட்டதா? ஏன் போனது, யார்மேல் தப்பு, அடுத்தது என்ன, எதுவும் நான் கேட்கவில்லை. ஆமாம் என்றால் ஆமாம் என்று மட்டும் சொல். வேலை இல்லாத பிள்ளையும் எனக்கு அதே பிள்ளைதான், தேய்மானம் ஒன்றும் கிடையாது. அங்கேயே இருந்து தேடுவதானாலும் தேடு, கிளம்பி வருவதானாலும் வா, உன் கட்டிலில் அப்பா பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்திருக்கிறார், எடுத்துப் போட ஐந்து நிமிஷம். இல்லை அம்மா, நான் வேலைக்குத்தான் போகிறேன், நீ நோட்டில் தப்பாக எழுதிவிட்டாய் என்றால் அதையும் சொல், நான் அத்தையிலிருந்து ரோஜாப்பூ அனுப்பியவர் வரை எல்லோரிடமும் போய் என் புத்தி கெட்டதைச் சொல்லிவிட்டு வருகிறேன். எதுவாக இருந்தாலும் உன் வாயால் வரட்டும். மறைத்த நேரத்தை மறைத்தபடியே வைத்துக்கொள், அது உன் இஷ்டம்.

வேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. அறையிலேயே அடைந்து கிடக்காமல் தினம் கொஞ்சம் நட. எந்தக் குறையும் உன்னை அண்டாமல், தைரியம் கெடாமல், நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்றாயே, மறந்துவிடாதே. கடைசியில் தன் கையால் நாலு வரி எழுத வேண்டும் என்று அப்பா பேனாவைப் பிடுங்குகிறார், கொடுக்கிறேன்.

என்றும் உன்,
அம்மா

தம்பி, அப்பா எழுதுவது. அம்மா எழுதியது எல்லாம் உண்மை. காலையில் எப்படியாவது ஓட்டிவிடுவேன், பேப்பர் இருக்கும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு மூன்று மணியிலிருந்து நாலரை வரைதான் எனக்குப் பொழுது நகரவே நகராது. உனக்கு எந்த நேரம் அப்படி இருக்கிறது? அந்த நேரத்துக்கு என்னைக் கூப்பிடு. நான் சும்மாதான் இருக்கிறேன்.