மைக்கில் விழுந்த ஆமென்

டிசம்பர் 11, புதன்

விடியற்கால ஜெபத்துக்கு வழக்கமான ஆட்கள்தான் வந்தார்கள். அறையைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பு பாதியில் அணைந்துவிட்டது. ஜெபித்தவர்கள் வாயிலிருந்து ஆவி வந்தது. மூப்பர் நம்குங் முன்வரிசையில், தன் பழைய இடத்தில். நகங்களில் பெர்சிமன் பழக் கறை இன்னும் போகவில்லை. பழம் உரித்து முடித்து எவ்வளவு நாளானாலும், எங்கள் சாங்ஜு ஊர் ஆண்களில் யார் தோட்டக்காரர் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மாலையில் மகள் இசுல் போன் செய்தாள். சியோலில் பல் மருத்துவமனை வேலை, வாரம் முழுக்க நிற்க வேண்டும். சனிக்கிழமை ஓய்வாவது எடுக்கிறாயா என்று கேட்டேன்.

"சனிக்கிழமையும் நிக்கத்தான் போறேன்ப்பா. சதுக்கத்துல. அதிபர் பதவி விலகணும்னு நாங்க எல்லாரும் நிக்கிறோம்ல, அங்க."

"குளிருமே?"

"குளிருது. பக்கத்துல நின்ன யாரோ ஒரு அம்மா, கையைச் சூடாக்குற பாக்கெட் குடுத்தாங்க. நம்ம அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அவள் அம்மா, என் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ரெண்டு ஸ்வெட்டர் போடுடி" என்றாள்.

நம் சபையில் பாதிப் பேர், அதிபரை ஆதரித்துக் கொடி பிடிக்கும் எதிர்க்கூட்டத்துக்குப் பேருந்து பிடித்துப் போகிறவர்கள். நான் எதுவும் சொல்வதில்லை. இறையியல் படிக்கப் போவதற்கு முன்பு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டால் நடுவில் போய் நிற்பது பழக்கமாகிவிட்டது. இப்போது நடுவில் நிற்கிறேனா, ஒதுங்கி நிற்கிறேனா? தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

சபையின் சார்பாக ஜெபிக்கும் முறை இன்று மூப்பர் நம்குங்குக்கு. நான்கு மூப்பர்களும் ஞாயிறுக்கு ஒருவராக மேடை ஏறுவது வழக்கம். இவருக்குக் கணீரென்ற குரல். ஒவ்வொரு வேண்டுதல் முடிந்ததும் சிறிது நிறுத்துவார். அந்த இடைவெளியில் நான் ஆமென் சொல்வேன், என்னைத் தொடர்ந்து சபை சொல்லும். நான் இங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நோயாளிகளுக்காக. ஆமென். வரும் விளைச்சலுக்காக. ஆமென். படிக்கிற பிள்ளைகளுக்காக. ஆமென். பிறகு—

"தலைநகரத்துச் சதுக்கத்தில் நிற்கிற தேசத் துரோகிகளை, ஆண்டவரே, பனி தின்ற பிஞ்சைப்போல உதிர்த்துப்போடும்."

இடைவெளி.

"ஆமென்."

அது என் குரல்தான். வாயை விட்டு வந்த பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் சபையும் சொல்லி முடித்திருந்தது. என் சட்டைக் காலரில் மைக். மைக்கின் மறுமுனையில் யூடியூப். அதன் மறுமுனையில் சியோலில் ஒரு வாடகை அறை, இசுல்.

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "புரிஞ்சுது சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தும். ஒருவனுக்கும் புரிந்திருக்காது. எத்தனை பேரை அதற்காக எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்!

டிசம்பர் 16, திங்கள்

இசுல் போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

இசுல் அவள் அம்மாவின் போனை மட்டும் எடுத்தாள். இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்த என் மனைவி, முள்ளங்கி நறுக்குவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாளாம். சந்திரப் புத்தாண்டுக்கும் வரமாட்டாளாம். அன்னைக்கு நடக்குற பாட்டி நினைவு ஆராதனைய நீங்களே நடத்திக்கணுமாம்."

"நான் வேணும்னு சொல்லலைன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதுதான் இன்னும் மோசமாம். 'அந்தத் தாத்தா கோபத்துல கேட்டார். அப்பா யோசிக்காமலே சரின்னுட்டார்'னு அழறா."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இப்படியே உட்காருங்க. பேசவேண்டிய இடத்துல வாய மூடிக்கோங்க, மூடவேண்டிய இடத்துல மைக்கப் போட்டுக்கிட்டுப் பேசுங்க."

டிசம்பர் 21, சனி

பிரசங்கம் தயாரானதும் வழக்கம்போல மூப்பர் நம்குங்கின் கொட்டகைக்குப் போனேன். கூரையிலிருந்து உலர்ந்த பழங்கள் திரைபோலத் தொங்குகின்றன. நடுவே விறகடுப்பு, அதன் பக்கத்தில் பதுக் காய் ஆட்டத்தின் பலகை. அவர் கறுப்புக் காய், நான் வெள்ளை. மூன்று ஆட்டமும் தோற்றேன்.

"உங்க புத்தி இன்னைக்கு எங்க மேயுது, போதகரய்யா?"

சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று விட்டேன். சூடு குறைவான பாத்திரத்தில் தண்ணீர் ஆவியாவதைப் பையன்களுக்குக் காட்டியிருக்கிறேன். கொதிக்காது, சத்தம் வராது, ஆனால் ஒருநாள் பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். இசுல் அப்படித்தான் போய்விடுவாளோ? சண்டை போட்டால்கூட நன்றாயிருக்கும்.

டிசம்பர் 25, புதன்

சிறுபிள்ளைகள் நாடகம். இடையர் வேடக்காரன் மேடையிலேயே தூங்கிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இசுல் வரவில்லை.

ஜனவரி 4, சனி

இன்று காயைத் தொடும் முன்பே சொல்லிவிட்டேன்.

"மூப்பரே, பன்னிரண்டாம் தேதி உங்க முறை. சதுக்கத்துப் பிள்ளைகளைச் சபிக்கிற வேண்டுதல் மட்டும் வேண்டாம்."

"சபிக்கல. ஜெபிச்சேன்."

"உதிர்த்துப்போடும்னு கேட்டீங்களே?"

"மரம் பிழைக்கணும்னா சில பிஞ்சு உதிரத்தான் வேணும். தோட்டக்காரன் சொல்றேன், கேட்டுக்கோங்க."

"அதுல ஒரு பிஞ்சு நம்ம இசுல்."

அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. அவருக்கு அதுவரை தெரியாது. இசுல் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர்.

"அவ எதுக்கு அங்க போனா?" என்றார். குரல் ஒரு நிமிடம் இளகியது. பிறகு இறுகியது. "அப்ப அவளுக்காகவும்தான் ஜெபம். திரும்பி வரட்டும். போதகரே, போர் நடந்த கோடையில எனக்கு நாலு வயசு. வடக்குப் படைக்காரங்க எங்கப்பாவ வீட்டு வாசல்லேருந்து கூட்டிட்டுப் போனாங்க. சர்ச் மணி அடிச்சார், அதான் குத்தம். திரும்பி வரல. அன்னைக்கு வந்தவங்களும் நியாயம், ஜனங்கன்னுதான் பேசினாங்க. உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க அப்புறம் பொறந்தவர்."

இதை அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றும் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசினேன்.

"அதையே ஜெபியுங்க. அப்பாவப் பத்திச் சொல்லுங்க, பயமா இருக்குன்னு சொல்லுங்க. முதல் ஆமென் என்னுது. ஆனா அந்த வேண்டுதலுக்கு நான் சொல்லமாட்டேன், மூப்பரே. முன்னாடியே சொல்லிடுறேன்."

"திருத்திக் குடுக்க என் ஜெபம் என்ன பரீட்சைத் தாளா, வாத்தியாரே?"

கோபம் வந்தால்தான் என்னை வாத்தியார் என்பார். அவர் மனைவி பார்லி டீயோடு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பலகைமேலேயே வைத்துவிட்டுப் போனார். இன்று ஆட்டம் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

மூப்பர் தாக் வந்தார். இருப்பதில் இளையவர், எதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பவர்.

"அவர் முறைய நான் எடுத்துக்குறேன். முட்டி வலி, படி ஏற முடியலன்னு சபையில சொல்லிடலாம். பொய்யில்லையே, நிஜமாவே முட்டி வலிதானே?"

"வலியோடதான் தினம் விடியக்காலைல வர்றார்."

"அவர் கோவிச்சுக்கிட்டுப் போனா தம்பிங்க, மருமகளுங்க, பாடகர் குழுவுல பாதி, எல்லாம் போயிடும். யோசிங்க, போதகரய்யா."

யோசித்தேன். யாருடைய வாயையும் மூட எனக்கு உரிமையில்லை. அவர் தன் தேவனிடம் கேட்பது அவர் பாடு. அதற்கு நான் சொல்லும் ஆமென்தான் என்னுடையது. இவ்வளவு சின்ன ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டு ஒரு சபையை உடைக்கலாமா? சொல்லிவிட்டு ஒரு மகளை இழக்கலாமா? இரவு உணவின்போது மனைவியிடம் கேட்டேன்.

"மகளுக்காகச் செய்யாதீங்க" என்றாள். எனக்கு ஆச்சரியம். "அவளுக்காகச் செஞ்சா அது அவளைத் தாஜா பண்றது. சரின்னு பட்டா செய்யுங்க. சூப்பு ஆறுது."

ஜனவரி 11, சனி

பிரசங்கம் ஓடவில்லை. நாளை அவர் அந்த வேண்டுதலை விட்டுவிடலாம். விட்டுவிடுவார். விடுவாரா?

ஜனவரி 12, ஞாயிறு

விடவில்லை.

நோயாளிகளுக்காக, பனிக்காலத்து ஏழைகளுக்காக. நான் ஆமென் சொன்னேன், சபை சொன்னது. பிறகு அதே வேண்டுதல், ஒரு சொல்கூட மாறாமல். இடைவெளி.

நான் சொல்லவில்லை.

பாடகர் குழுவிலிருந்து "ஆ—" என்று ஒரு குரல் கிளம்பிப் பாதியில் நின்றது. அடுப்பின் இரைச்சல் கேட்டது. யாரோ இருமினார்கள். மூப்பர் காத்திருந்தார். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். மறுபடியும் இடைவெளி. நான் கண்ணைத் திறந்தேன். அவரும் திறந்து, தலையைத் திருப்பி, மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய அறையில் எல்லோரும் தலைகுனிந்திருக்க, கண் திறந்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கைவிட்டுவிட்டாயே என்பதுபோலப் பார்த்தார்.

இயேசுவின் நாமத்தில் என்று முடித்தார். அதற்கு உரக்க ஆமென் சொன்னேன். பிறகு பிரசங்கம் செய்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

வாசலில் கை நீட்டினேன். அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சபைக்கு முன்னாடி என்னைத் தனியா நிக்க வெச்சுட்டீங்க, வாத்தியாரே."

"உங்களோட நான் இருக்கேன், மூப்பரே. அந்த வேண்டுதலோட இல்ல."

"எனக்கு அது ரெண்டும் ஒண்ணுதான்."

ஜனவரி 13, திங்கள்

இசுலிடமிருந்து ஒரே வார்த்தையில் குறுஞ்செய்தி: "பார்த்தேன்." அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிடித்ததா, பிடிக்கவில்லையா?

ஜனவரி 19, ஞாயிறு

மூப்பரின் குடும்பம் முழுவதும் வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய சபைக்குப் போனார்களாம். பாடகர் குழுவில் ஆண் குரலே இல்லை. மூப்பர் தாக் என்னைப் பார்த்தார், "சொன்னேனே" என்று சொல்லாமலே.

ஆராதனை முடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். மூப்பரின் மனைவி வெளிவாசலிலேயே நின்றுவிட்டார்.

"தூங்குறார், போதகரய்யா."

கொட்டகைக் குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. "சரிங்கம்மா, எழுந்ததும் வந்தேன்னு சொல்லுங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்.

நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது தப்பு.

ஜனவரி 29, புதன். சந்திரப் புத்தாண்டு

நேற்று மாலை சொல்லாமல் கொள்ளாமல் இசுல் வந்து நின்றாள். தலையெல்லாம் பனி. "பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். பழகிடுச்சு" என்றாள். வேறெதுவும் பேசவில்லை.

காலையில் இறந்துபோன என் அம்மாவின் படத்துக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். பாடினோம், வாசித்தோம். ஜெபம் தானே செய்வதாக இசுல் சொன்னாள். பாட்டியின் கைகளுக்காக நன்றி சொன்னாள். சதுக்கத்தில் சூடு பாக்கெட் கொடுத்த அம்மாவுக்காக வேண்டினாள். நான் ஆமென் சொன்னேன். பிறகு அவள் குரல் மாறியது.

"கொடியத் தூக்கிக்கிட்டு உங்க பேரச் சொல்லிப் பொய் பேசுற கிழவங்கள, ஆண்டவரே, ஒருத்தர் விடாம வெட்கப்படுத்துங்க."

"ஆமென்!" என்றாள் என் மனைவி, சபைக்கே கேட்கிற மாதிரி.

நான் சொல்லவில்லை. இவ்வளவு நாள் கழித்து வந்த பிள்ளை. சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? வாய் வரவில்லை.

"அப்பா?"

"மத்த எல்லாத்துக்கும் சொன்னேன்மா. அதுக்கு முடியாது."

"எனக்குமா?"

"உனக்கும்தான்."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்தது. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேட்டாள், "அன்னைக்கு அவர் எப்படிப்பா பாத்தார்? வீடியோல பின்னந்தலைதான் தெரிஞ்சுது."

சொன்னேன். கைவிட்டுவிட்டாயே என்பதுபோலப் பார்த்தார் என்று. அவர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன கோடையையும் சொன்னேன். அவள் அதை இதுவரை கேட்டதில்லை.

சூப்பு ஆறுகிறது என்று மனைவிகூடச் சொல்லவில்லை. பிறகு இசுல் மறுபடியும் கண்ணை மூடினாள்.

"நம்குங் தாத்தாவ..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. காத்திருந்தோம். வரவில்லை.

ஆமென் என்றேன்.