ஆறு மணி நேர இருட்டு

பிப்ரவரி 27, திங்கள்

இன்று குல்பீனாப் புல் விதைத்தேன். தட்டில் பஞ்சு, பஞ்சின்மேல் விதை, தெளித்த தண்ணீர். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. பெரிய வியாழனுக்குள் வெள்ளை வெளேரென்று வளர்ந்து தொங்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறிவிடும், கல்லறைப் பீடத்துக்கு ஆகாது.

மகள் ஜோசெட் வாங்கிவந்த நான்கு விதைகளையும் அதே அலமாரியில் ஒரு தட்டில் வைத்தேன். கஞ்சா விதை. எழுதும்போதே சிலுவை போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு நான்கு செடி வரை சட்டம் விடுகிறது. தெருவிலிருந்து தெரியக்கூடாது, பக்கத்து வீட்டுக்கு நாறக்கூடாது, அவ்வளவுதான் என்கிறாள்.

எல்லாம் என் வீட்டுக்காரர் சென்சுவுக்காக. நரம்பு நோய் வந்ததிலிருந்து படுத்தால் போதும், இரண்டு காலும் கட்டையாக இறுகி இழுக்கின்றன. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. நேற்றும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "விட்டோரின், ஒண்ணு காலை வெட்டு. இல்ல, என்னைக் கொண்டுபோய்க் கல் குவாரியில தள்ளு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 6, திங்கள்

அலமாரியைத் திறந்தேன். குல்பீனா அழகாக வந்திருக்கிறது. பக்கத்துத் தட்டில் அந்த நான்கும் — வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, தலை சாய்ந்து கிடக்கின்றன.

போனில் சொன்னேன். ஜோசெட் கத்தினாள்: "மா! அது என்ன பீடத்துக்கு வைக்கிற புல்லா? முளை விட்ட உடனே வெளிச்சத்துல வைக்கணும்னு சொன்னேன்ல!"

சொன்னாளா? சொல்லியிருப்பாள். விதை என்றால் அலமாரி என்று கை தானாகப் போய்விட்டது. அம்மாவிடம் கற்ற கை.

இரண்டு செத்துவிட்டன. மற்ற இரண்டையும் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தீக்குச்சி முட்டுக்கொடுத்து, பின்னறையில் விளக்கின் கீழ் வைத்தேன். மாதாவே, இந்த இரண்டையாவது விடு.

மார்ச் 9, வியாழன்

இன்று சாப்பாட்டு மேசையில் சண்டை. விளக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று.

சென்சுவின் தம்பி விஸ்டின் தக்காளி போடுகிறவன், அவனுக்கு எல்லாம் தெரியும். "அணைக்கவே அணைக்காதீங்க அண்ணி. இருபத்துநாலு மணி நேரமும் எரியட்டும். சாப்பிடுறவன் தட்டை நடுவுல யாராவது பிடுங்குவாங்களா?"

ஜோசெட்: "பதினெட்டு எரியணும், ஆறு அணையணும். நிறைய பேர் அப்படித்தான் வளக்கிறாங்க சித்தப்பா."

நான் நூலகத்துப் புத்தகம் படித்திருந்தேன். பூக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆண்டவரும் பகலையும் இரவையும் பிரித்துத்தானே வைத்தார்?

"அவர் பிரிச்சப்போ மின்சாரம் இல்ல அண்ணி" என்றான் விஸ்டின்.

சென்சு சூப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "செடிக்கு எத்தனை மணி தூக்கம்னு மூணு பேரு பேசுறீங்க. எனக்கு எத்தனைன்னு ஒருத்தரும் கேக்கல."

பன்னிரண்டு என்று வைத்துவிட்டேன். என் வீடு, என் விளக்கு.

மார்ச் 24, வெள்ளி

செடி ஒரு சாண்கூட இல்லை, அதற்குள் கணுக்களில் வெள்ளை மயிர் நீட்டிவிட்டது. பூ.

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது வேறு வகைக்கு எழுதியது. அந்த வகை இரவு நீண்டால்தான் பூக்கும், அதனால்தான் பன்னிரண்டு. நம்முடையது தானே பூக்கிற வகை. இருட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை, வயது வந்ததும் பூத்துவிடுகிறது. நான் கொடுத்த இருட்டெல்லாம் அது பட்டினி கிடந்த நேரம். பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் தூங்க வைத்திருக்கிறேன்.

ஜோசெட்டைக் கேட்டேன், விட்டதைப் பிடிக்க முடியாதா? "முடியாது மா. அது உனக்காகக் காத்திருக்காது. இனிமே கொடுக்கிறதுதான்."

உடனே பதினெட்டுக்கு மாற்றினேன். விஸ்டின் சொன்னபடி இருபத்துநாலும் வைத்திருக்கலாம். விளக்கின் சூட்டில் அந்தச் சின்ன அறை அடுப்பாகிவிடும், அது ஒரு காரணம். இன்னொன்று, ஓர் உயிரை இருட்டே காட்டாமல் நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு மணி நேர இருட்டை நண்பகலிலிருந்து மாலை வரை வைத்தேன். மொட்டை மாடி காய்கிற நேரம் விளக்கு அணைந்திருக்கட்டும்.

விளக்குச் செலவை மருந்துக் கணக்கில் எழுதினேன்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

மதியம் பக்கத்து வீட்டு ஜுடிட்டா முற்றத்துச் சுவருக்கு மேல் தலை நீட்டினாள். ஒலிவக் கிளை கையிலேயே இருந்தது.

"விட்டோரின், உங்க வீட்டுல பூனை ஏதும் செத்துக்கிடக்கா? ரெண்டு நாளா மத்தியானம் ஆனா ஒரு நாத்தம்."

"சாக்கடையா இருக்கும்" என்றேன். குருத்தோலை ஞாயிறன்று பொய்!

"சாக்கடை எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தச் சாக்கடையோடதான் இருக்கேன். என் மருமகன் வரட்டும், பாக்கச் சொல்றேன்."

அவள் மருமகன் போலீஸ்.

பின்னறைக்கு ஓடினேன். பிறகுதான் புரிந்தது. வாசனையை உறிஞ்சக் கரி வைத்த காற்றாடியையும் விளக்கோடு ஒரே சுவிட்சில் மாட்டியிருக்கிறேன். விளக்கு அணைந்தால் காற்றாடியும் நிற்கிறது. இருட்டு நேரமெல்லாம் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக நேரே ஜுடிட்டாவின் துணிக்கொடிக்குப் போயிருக்கிறது. காற்றாடிக்குத் தனி வயர் இழுத்தேன். இடுக்குகளில் மாவுப்பசை தடவிக் காகிதம் ஒட்டினேன்.

ஏப்ரல் 5, புதன்

மருமகன் வந்தான். முற்றத்தில் நின்று மூக்கை உறிஞ்சினான். பாதாம் பிஸ்கட் கொடுத்தேன். தின்றான், போனான்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கோவில் மணிகள் ஊமை. அம்மா காலத்திலிருந்து இந்த வீட்டில் இன்று விளக்கு ஏற்றுவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை. காலையில் எழுந்ததும் பின்னறை விளக்கையும் அணைத்தேன். சேசு கல்லறையில் கிடக்கும்போது அது மட்டும் என்ன எரிவது?

பவனிக்குச் சென்சுவால் போக முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாடுபட்ட சுரூபம் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது கால் இழுக்கத் தொடங்கியது. தூக்கி வந்தவர்கள் எல்லாரும் முன்பு அவரோடு சேர்ந்து தோள் கொடுத்தவர்கள். அவர்களுக்கு முன்னால் முகம் கோணக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி போனார்கள்.

கோவிலுக்குப் போய் முழந்தாளிட்டேன். பீடத்தைச் சுற்றி என் குல்பீனா வெள்ளையாகத் தொங்கியது. எவ்வளவு அழகு. அது இருட்டுக்கென்றே விதைத்தது. அந்த இரண்டும்? அவற்றிடம் நோன்பு இருக்கச் சொல்ல நான் யார்? என் பக்திக்குச் சென்சுவின் காலா விலை?

செபமாலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். விளக்கைப் போட்டேன். பாவமென்றால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

மே 3, புதன்

ஒரு செடியில் பூஞ்சை. பிடுங்கி எரித்துவிட்டேன். இனி மிச்சம் ஒன்றுதான்.

மே 20, சனி

அறுத்தோம். முழங்கால் உயரம்கூட இல்லை. விஸ்டின் கையில் தூக்கிப் பார்த்தான். "அண்ணி, முயலுக்குப் போட்டா ஒரு வேளைக்குக் காணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே காயப்போடக் கயிறு கட்டினான்.

ஜூன் 3, சனி

காய்ந்ததை ஒலிவ எண்ணெயில் மெதுவாகக் காய்ச்சி வடிகட்டினோம். ஜோசெட் அளவு சொன்னாள், துளிதான். ரொட்டியில் தக்காளி தேய்த்து அதன்மேல் விட்டேன்.

"நாயோட காது மாதிரி நாறுது" என்றார் சென்சு.

"நாய் காதை எப்ப மோந்த?"

தின்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் ஆகாமல் போனால்? வேறு ஏதாவது ஆகிவிட்டால்? அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு கட்டில் கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

ஜூன் 4, ஞாயிறு

காலையில் ஒரே சத்தம். "ஏன் எழுப்பல? ஆறு மணிப் பூசை போச்சு! சாமியார் என்ன நினைப்பாரு? என் பெஞ்சுல எவன் உக்காந்தானோ! கல்யாணமான நாள்லேர்ந்து பூசையை விட்டிருக்கேனா நான்? நீ மட்டும் சத்தமில்லாம போய்ட்டு வந்திருக்க!"

தலைமுடி ஒரு பக்கம் நிமிர்ந்து நின்றது. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

பதினோரு மணிப் பூசைக்கு அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். திட்டிக்கொண்டேதான் போட்டுக்கொண்டார்.