முத்திப்போன பட்டாணி

தை 11, ஞாயிறு

மூணாறு ஓட்டல்ல வேலை பார்க்கிற மக கவிதா இன்னைக்குத்தான் வந்தா. அவ கொடுத்த விதையில எஸ்டேட் லய வீட்டுக்குப் பின்னாடி நான் வளர்த்த பட்டாணியில ஒரு காயப் பறிச்சுக் கடிச்சா. உடனே துப்பிட்டா.

"நாராயிருச்சும்மா. இது தோலோட திங்கிறது. தட்டையா இருக்கறப்பவே பறிக்கணும்னு சொன்னேன்ல?"

"மணி பிடிக்கட்டும்னு விட்டுட்டேன்டி"ன்னேன்.

"உனக்கு ஒண்ணுமே தெரியலம்மா"ன்னு சிரிச்சா.

இருபது வருஷமா தேயிலைக் கொழுந்து கிள்ளுறவளுக்குப் பிஞ்சு எது, முத்தல் எதுன்னா தெரியாது? பொங்கலுக்கு முன்னாடியே நல்லாத்தான் தொங்குச்சு. அடுத்த வாரம் வர்றேன், அடுத்த வாரம் வர்றேன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்தா. முதக் காய அவ கையால பறிக்கட்டும்னு விட்டுவச்சேன். பஸ்ஸுல அரை மணி நேரம்தான்.

சாயங்காலமே கிளம்பிட்டா. முத்தின காயெல்லாம் விதைக்குக் காயப் போட்டிருக்கேன். தெரியாதவளாவே இருந்துட்டுப் போறேன்.