நீரஜாவின் ஓணக்கோடி

ஜூலை 20

இத்தனை வருஷமாகப் படகு ஓட்டும் சிராங்கு நான், இன்று எங்கள் வீட்டுத் துறையிலேயே கால் வழுக்கிக் காயலில் விழுந்தேன். படகு முழுக்கச் சிரிப்பு. "சிராங்கே, ஆழம் அளந்தாச்சா?" என்றான் கயிறு பிடித்திருந்த தாசப்பன். தலையில் ஆகாயத்தாமரையோடு நானும் சிரித்தேன். கரையில் நின்ற நீரஜா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

என் மனைவி லதிகாவிடம் சொன்னேன். "ஆம்பளைக்கு அவமானம்னா அடுத்து அடி யாருக்குன்னு அவளுக்குத் தெரியும் சேட்டா" என்றாள்.

ஒன்பது வயது. எங்களிடம் வளர வந்து மூன்று வாரம். எங்களுக்கு முன்னால் மூன்று வீடு. ஒரு வருஷம் வைத்திருங்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் குழந்தைகள் நலக் குழுவில். பார்க்கலாம் என்றால்? எதைப் பார்ப்பார்கள்?

ஜூலை 29

விடாமல் மழை. தண்ணீர் வாசற்படிவரை வந்துவிட்டது. வீடே கட்டவிழ்ந்து எங்கோ மிதந்து போவதுபோல் இருக்கிறது. மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தது. காயலின் வெளிச்சம் கூரையில் நெளிந்து நெளிந்து ஆடியது. நீரஜா பாயில் படுத்து அதையே பார்த்தாள். நானும் பக்கத்தில் — பக்கத்தில் இல்லை, கதவுக்கு இந்தப் புறம் — படுத்துப் பார்த்தேன். எப்போது தூங்கினேனோ. குறட்டை வேறு விட்டேனாம். விழித்தபோது அவள் அங்கேயே இருந்தாள்.

ஆகஸ்ட் 8

அவள் தலையணை உறைக்குள் பப்படம், நேந்திரம்பழம், ஒரு படை எறும்பு. "என்ன இது..." என்று ஆரம்பித்தேன். லதிகா என்னைத் தள்ளிவிட்டு, மூடிபோட்ட டப்பா நிறைய வாழைக்காய் வறுவல் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். "இது உன்னோடது. தீந்தா சொல்லு." நான் ஒரு வில்லை எடுத்தேன். இரண்டு பேரும் முறைத்தார்கள்.

ஆகஸ்ட் 19

இன்னும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கேட்டீங்களா' என்கிறாள். கல்யாணமான புதிதில் லதிகாவும் அப்படித்தான்.

செப்டம்பர் 4

சாயங்காலம் ஓணக்கோடி கொடுத்தோம். பொன் கரை போட்ட பாவாடை, பச்சைச் சட்டை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "சரி" என்றாள். ரொம்ப மரியாதையாக. கூச்சம் என்று நினைத்தேன். லதிகாவும் அப்படித்தான் நினைத்தாள்.

செப்டம்பர் 5, திருவோணம்

காலையில் பார்க்கிறேன் — புதுப் பாவாடை உடுத்தி, தலை வாரி, மடியில் துணிப்பையோடு துறையைப் பார்த்துப் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க மோளே?"

"எத்தன மணிக்கு வருவாங்க?"

"யாரு?"

"கூட்டிட்டுப் போறவங்க. புது உடுப்பு குடுத்தீங்கல்ல."

மூன்று வீட்டிலும் அனுப்புகிற அன்றுதான் புது உடுப்பு கிடைத்ததாம். கடவுளே, எனக்கு எப்படித் தெரியும்? இங்கே ஓணத்துக்குக் கோடி கொடுக்காதவனைத்தானே ஊர் ஏசும்!

"இது எல்லாருக்கும் உண்டு. இந்தா என் வேட்டி, ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல."

"அங்கயும் திருவிழாவுக்குன்னுதான் சொன்னாங்க."

புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "வரட்டும். யாருன்னு நானும் பாக்கறேன்." லதிகாவும் புதுச்சேலையோடு வந்தாள். "நகருங்க. பாதிப் படிய நீங்களே அடைச்சிட்டீங்க."

படகு வந்தது. இன்று ஓட்டுவது வேறு ஆள்; கயிற்றோடு தாசப்பன். "என்ன சிராங்கே, குடும்பத்தோட கெளம்பியாச்சா?" அவள் பையை இறுக்கினாள். "எவனும் எங்கயும் போகலடா!" என்று கத்தினேன். கரையில் நின்ற கொக்கு பறந்தது.

ஓணச் சாப்பாட்டையும் படியிலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். பாயசம் குடித்த மயக்கத்தில் காயல், வானம் எல்லாம் ஒரே வெள்ளியாக இருந்தது. படகுகள் அதற்குள்ளிருந்து பிறந்து வந்து, அதற்குள்ளேயே கரைந்தன. யாரும் இறங்கவில்லை. கடைசிப் படகு நிற்காமலே போனது. வளைவில் அது மறைந்த பிறகும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க. நம்பலன்னா நாளைக்கும் உக்காருவோம். எனக்கு லீவு இருக்கு."

"சோம்பேறிக்கு ஒரு சாக்கு" என்றாள் லதிகா.

நீரஜாவின் உதடு லேசாக — சிரிப்பு என்று சத்தியம் செய்யமாட்டேன்.

செப்டம்பர் 7

இன்றும் உட்கார்ந்தோம். வாத்துக்கூட்டம் நீந்தி வந்தது. பின்னாலேயே கரையோரம் ஓடினாள். பை படியிலேயே கிடந்தது.

அக்டோபர் 16

வழியில் இன்ஜின் மக்கர். பள்ளிக்கூடத் துறைக்குப் போய்ச் சேரும்போது இருட்டப் பார்த்தது. நீரஜா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"எவ்ளோ நேரம் நிக்கிறது? ஒரு வார்த்த சொல்லி அனுப்பறதில்லையா? அங்க அம்மா பயந்துக்கிட்டு இருப்பாங்க. இதெல்லாம் ஒரு சிராங்கா!"

படகில் அத்தனை பேர் முன்னாலும். தாசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தப்புதான் மோளே, ஏறு" என்றேன்.

சக்கரத்தைப் பிடித்தேன். கரை சரியாகத் தெரியவில்லை. சாரல் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் கொஞ்சம் திட்டு என்று கேட்க வாய்வரை வந்தது.