விடிய ஒரு மிடறு

நேற்று புளியந்தீவில் ஒரு கூட்டம். இனி வெள்ளமோ புயலோ வந்தால் சனங்கள் தங்குவதற்கு நம் பக்கத்தில் கட்டப்போகும் கட்டடத்தைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவள் என்பதால் என்னையும். ஓர் உத்தியோகத்தர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மரியாதையாக என் முன்னால் வைத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, பழக்கத்தில் தள்ளி வைத்தேன். அப்போதுதான் உன் நினைவு வந்தது, மச்சாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினான். உன்னை உன் அம்மா முதுகில் சுமந்துகொண்டு ஓடினார். நம் இரண்டு பேருடைய நாற்காலிகளையும் கடல் கொண்டுபோனது. பிறகு பள்ளிக்கூட முகாமில், ஒரே வகுப்பறையில், பக்கத்துப் பக்கத்துப் பாயில் கிடந்தோம். எனக்குப் பத்தொன்பது, உனக்குப் பதினேழு. உன் கையும் காலும் உன் சொல் கேட்காது. பேச்சும் மெல்ல மெல்லத்தான் வரும். ஆனாலும் அந்த அறையில் சிரித்த ஒரே ஆள் நீதான். தேத்தண்ணி என்றால் உனக்கு உயிர். "இவளுக்கு உடம்பில ஓடுறது ரெத்தமில்ல, தேத்தண்ணி" என்பார் உன் அம்மா.

கக்கூஸ் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மூன்று படி ஏறி. அதன் முன்னால் எப்போதும் ஒரு வரிசை. அத்தனை பேர் பார்க்க, குமர்ப்பிள்ளையான என்னை அண்ணன் தூக்கிக்கொண்டு போவான். அவன் முகத்தை நான் பார்க்கமாட்டேன், என் முகத்தை அவன் பார்க்கமாட்டான். இரண்டு நாளில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்து உனக்கும் சொல்லித்தந்தேன்.

"விடிய ஒரு மிடறு குடி. பிறகு பொழுதுபடும்வரைக்கும் வாயில தண்ணி வைக்காத. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல."

அம்மா வாயருகே கொண்டுவந்த தேத்தண்ணியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் சிரித்தேன்.

கடல் எட்டாத இடம் என்று அம்மா உன்னைத் தன் ஊரான பழுகாமத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஷெல் வந்தது. கிழக்கில் சண்டை முடிகிற காலம். அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் வாவியைக் கடந்து வந்து தறப்பாள் கூடாரங்களில் கிடந்தது, நீங்களும்தான். நான் புது நாற்காலியோடு வீட்டில் இருந்தேன். உன்னைப் பார்க்க வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. நீ ஆஸ்பத்திரியில் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் வந்தேன்.

காய்ச்சலில் உன் உதடு வெடித்திருந்தது. சிறுநீரகம் பழுதாகிவிட்டதாம். அந்த வெயிலிலும் பிள்ளை ஏன் தண்ணீர் வேண்டாம் என்று அடம்பிடித்தாள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. என்னைக் கண்டதும் நீ சிரித்தாய். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய்.

"நீ சொன்னமாதிரித்தான், மச்சாள். விடிய ஒரு மிடறு. அம்மாவுக்கு நான் கரைச்சல் குடுக்கல்ல."

பெருமையாகச் சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

ஒவ்வொரு திவசத்துக்கும் உன் வீட்டுக்குப் போகிறேன். அம்மா தேத்தண்ணி தருவார். பாதியில் வைத்துவிடுவேன். "அவளும் கடைசியில இப்பிடித்தான் மனே, மிச்சம் வைப்பாள்" என்பார். யார் சொல்லித்தந்தது என்று சொல்ல இத்தனை வருஷமாக எனக்கு நா எழவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். முன்வாசலுக்குச் சக்கரம் ஏற அழகான சரிவுப் பாதை. கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். பின்னால், தனியாக, மூன்று படி ஏறி. தள்ளி வைத்த போத்தலை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"எனக்கு இப்ப கக்கூசுக்குப் போகவேணும். இந்தக் கட்டடத்தில எங்க போறது?"

கூட்டம் நடந்த இடத்திலும் கக்கூசுக்குப் படிதான். கடைசியில் இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிப்போனார்கள். நான் திரும்பி வந்தபோது, உத்தியோகத்தர் வரைபடத்தில் இருந்த கக்கூஸை அழித்துவிட்டு, உள்ளே வாசலுக்குப் பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். பென்சில் கோடுதான். சீமெந்தாகும்வரை நான் விடப்போவதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உன் திவசம். அம்மா தரும் தேத்தண்ணியை இந்த முறை முழுதாகக் குடிப்பேன். அவருக்கு வயதாகிவிட்டது, என்னைத் தூக்க ஏலாது. அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடட்டும், எல்லோரும் பார்க்கட்டும். வெறும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உனக்கு அதைச் சொல்லித்தந்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்வேன்.