நீ வெட்டி எறிந்த கோடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை ஒன்றில் இன்று பால் அடிப்பிடித்துவிட்டது. அந்தத் தீய்ந்த வாடை தெருவுக்கு வந்ததும் உன் ஞாபகம் வந்தது. பிரியத்தோடு அல்ல. நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நாம் ஆய்வு மாணவிகளாக இருந்த நாட்களில் கெட்டுப்போன பாலை ராஜபாளையத்திலிருந்து கேனில் நீதான் கொண்டுவருவாய். இருவரும் அதைத் திரியவைத்து, புரதத்தைப் பிரித்துக் கழுவி, காயவைத்துப் பொடித்து, காற்றுப் புகாத உலையில் கரியாக்குவோம். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த அந்தக் கரியில் மின்சாரத்தைச் சேமிப்பதுதான் நம் ஆராய்ச்சி. அந்தக் கரியால் செய்த முதல் பேட்டரி செல்லில் சின்ன பல்பு எரிந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டாய். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் அடுத்து நீ செய்தது இன்னும் கசக்கிறது.

செல்லைத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றி இறக்கியபோது அதன் சேமிப்பு மளமளவென்று சரிந்தது. வரைபடத்தில் கோடு கீழே விழுந்தது. நம் ஆய்வுக் கட்டுரையில் அது விழும் இடத்துக்கு முன்பாகவே படத்தை நீ வெட்டிவிட்டாய்.

"ஏட்டி, கடைசிப் பகுதிய யாரு பாக்கப் போறா? வேலை கிடைக்கட்டும், பொறவு சரி பண்ணிக்கிடலாம்."

கட்டுரையில் என் பெயர் வேண்டாம் என்றேன். நீ கெஞ்சவில்லை. எனக்கு உன்மேல் பொறாமை என்று ஆய்வகம் முழுக்கச் சொல்லி வைத்தாய். எல்லோரும் நம்பினார்கள். அதன்பின் அங்கே என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கக்கூட ஆளில்லை. நீ மட்டும் பேராசிரியையானாய்.

உன் இரங்கல் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றார்கள். நான் போகவில்லை.

நான் உன்னோடு வேலை செய்தவள் என்று யாரோ சொல்லி, போன வாரம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். உன் கட்டுரையைப் பார்த்து அதே கரியை ஒரு வருடமாகச் செய்கிறாளாம்; ஒவ்வொரு தடவையும் சேமிப்பு சரிகிறதாம். தன் கைதான் சரியில்லை என்றும் படிப்பை விட்டுவிடப் போவதாகவும் சொன்னாள்.

"உன் கை சரியாத்தான் இருக்கு. எங்களுக்கும் விழத்தான் செஞ்சுது. அவ மறைச்சிட்டா" என்றேன்.

"ஒரு வருசம் போச்சே மேடம்" என்று அழுதாள்.

இறந்தவளைக் குறை சொல்லலாமா என்று நான் இப்போது வேலை பார்க்கும் கல்லூரியின் துறைத்தலைவர் கேட்டார். அந்தப் பெண் அழுததை அவர் பார்க்கவில்லை.

இப்போது அவளும் நானும் அந்தக் கரியில் சேமிப்பு ஏன் சரிகிறது என்று தேடுகிறோம். உலை சூடேறும் நேரமெல்லாம் மனசுக்குள் உன்னோடு சண்டை போடுகிறேன். பதில் சொல்ல நீ இல்லை. அதிலும் தப்பித்துக்கொண்டாய்.