குழாயின் எந்த முனை மேலே

"டீச்சர், இதுல எது மேலங்க? பொட்டு வெக்கணும்."

கேட்டவன், தலை நரைத்த உன் தம்பி. நேற்று கள்ளக்குறிச்சி மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம். அவன் கையில், நீ என்னிடம் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய். ஒரு முழ நீளம், உள்ளே நீ ஆய்வுக்காகக் கடலடியில் எடுத்துக் காய்ந்த சேறு. உன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க நான்தான் எடுத்துப்போயிருந்தேன். அதற்கும் மாலை போட்டார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை உட்காரச் சொல்லாத கூட்டம், உன் சேற்றுக்கு மாலை போட்டது.

மேடையில் பேசியவரை உனக்குத் தெரியும். "உங்க மலையில, கரியாலூர்ல இல்லாத சேறா? அதுக்குக் கப்பல் ஏறணுமா?" என்று சங்கராபுரம் பஸ்ஸில் எல்லோரும் கேட்க உன்னைக் கிண்டல் செய்தவர். நேற்று மைக்கைப் பிடித்து, "கடலுக்கு அடியில் தங்கம் தேடிய தங்கை" என்றார். கைதட்டல் வேறு. நீ தேடியது நைட்ரஜன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததற்கு வெட்கமும் இல்லை.

எனக்கு எவ்வளவு எளிதாகச் சொன்னாய்! உங்கள் மலையில் மேயும் ஆட்டைக் காட்டினாய். "தழை ஜாஸ்தியா இருந்தா கொழுந்த மட்டும் கடிக்கும். கம்மியா இருந்தா காம்பையும் உடாது. கடல்ல மெதக்குற நுண்ணுயிரும் அப்படித்தாண்டி." நைட்ரஜனில் இலேசானது, கனமானது என இரண்டு வகை. அந்தச் சத்து தாராளமாக இருந்த காலத்தில் நுண்ணுயிர்கள் இலேசானதையே அதிகம் எடுத்துக்கொண்டன. சத்து தீரத் தீர, கனமானதும் கூடுதலாக உள்ளே போனது. அவை செத்துப் படிந்த சேற்றில் அந்த விகிதம் தங்கியிருக்கிறது. அடியில் பழைய காலம், மேலே புதிய காலம். வரிசையாக அளந்தால் கடலின் வளமும் அன்றைய பருவநிலையும் பிடிபடும்.

அதனால்தான் குழாயின் ஒரு முனையில் 'மேல்' என்று எழுதியிருந்தாய். பள்ளிக் கண்காட்சிக்குக் கேட்டு வாங்கிய நான், பளிச்சென்று இருக்கட்டும் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். முப்பது ஆண்டு கரும்பலகை துடைத்த கை; எழுத்தைக் கண்டால் சும்மா இருக்காது.

நெடுக்காகப் பிளந்து உன் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த இதன் மறுபாதி கெட்டுப்போனதும் இதை நம்பி வந்தாய். அதற்குள் நோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. "எதுடி மேல?" என்றாய். தயங்காமல் ஒரு முனையைத் தொட்டேன். வகுப்பில் ஒருநாளும் 'தெரியாது' என்று சொல்லிப் பழகாதவள்.

"நிச்சயமா?"

"ஆமாடி."

என் முகத்தையே பார்த்தாய். "அழிச்சதும் இல்லாம கத வேற உடுறியா, டீச்சரம்மா?"

குழாயை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாய். உன் கடைசிக் கட்டுரையில் இந்தச் சேறு படிந்த காலத்துக்கு மட்டும் ஓர் இடைவெளி. மேடையில் உளறியவர் அறியாமல் உளறினார். நான் அறிந்தே பொய் சொன்னேன். அவரை இகழ எனக்கு என்ன தகுதி?

நேற்று உன் தம்பியிடம், "தெரியாதுப்பா. நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன். "பரவால்லங்க டீச்சர்" என்று இரண்டு முனையிலும் பொட்டு வைத்தான்.

இரண்டு பொட்டோடு குழாய் இப்போது என் மேசையில். துடைக்கவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: ஏரிச் சேற்றில் ஒரு குழாயை இறக்கி எடுத்தாலும், வேறெதுவும் செய்யுமுன், தண்ணீரில் அழியாத மையால் மேல்முனையில் குறி போடுங்கள்.